களத்துமேட்டில் கார்பன் விளையாட்டு

அறுப்பு முடிந்து காலியாகக் கிடக்கும் நெற்களம் ஒன்று போதும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கோலப்பொடி, நீளக் கயிறு இரண்டு, கொட்டாங்குச்சி ஏழு, துண்டுச்சீட்டுகள், ஏழு நிறத்தில் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பதினெட்டுப் பேர் சேர்ந்தால் நல்லது.

முதல் ஆட்டம்: அணு

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போடுங்கள். கார்பன் அணுவில் 6 புரோட்டான், 6 நியூட்ரான், 6 எலக்ட்ரான். புரோட்டானும் நியூட்ரானுமாக நடுவில் 12 பேர் நெருக்கியடித்து நிற்க, எலக்ட்ரானாக உள்வட்டத்தில் 2 பேரும் வெளிவட்டத்தில் 4 பேரும் ஓட வேண்டும். ஆள் குறைந்தால் நடுவில் புளியங்கொட்டையும் சோளமும் ஆறாறு வைத்துவிடலாம். எலக்ட்ரான் நிஜத்தில் இப்படிக் கோடு பிடித்து ஓடாது. தொடக்கத்துக்கு இது போதும். அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடுவில் உள்ள அணுக்கரு ஒரு சென்டிமீட்டர் கோலிக்குண்டு என்றால், அணுவின் அகலம் ஏறக்குறைய கால் கிலோமீட்டர். களத்தில் கோலியை வைத்துவிட்டுப் பிள்ளைகளை வரப்போடு அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது: கை கோப்பது

கார்பன் மற்ற அணுக்களோடு நான்கு பிணைப்பு போடும். ஒரு பிள்ளை இரண்டு கயிற்றையும் நடுவில் சேர்த்துப் பிடித்தால் நான்கு முனை கிடைக்கும். ஆக்சிஜன் ஆளுக்கு இரண்டு முனை பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் நான்கு பேர் ஆளுக்கொன்று பிடித்தால் மீத்தேன், அதாவது சாண எரிவாயு அடுப்பில் எரிவது.

மூன்றாவது: சுற்று

இதற்குத்தான் நேரம் வேண்டும். களத்தைச் சுற்றி ஏழு இடம்: வானம், பயிர், மாடு, மண், கடல், சுண்ணாம்புப் பாறை, டீசல் (அதாவது பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெய்). ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டாங்குச்சியில் ஆறு சீட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது, சீட்டின் மேல் கல் வையுங்கள். இப்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கார்பன் அணு. விசிலடித்ததும் சீட்டெடுத்து, படித்து, திரும்பப் போட்டுவிட்டு, அது சொல்லும் இடத்துக்கு ஓட வேண்டும். போகிற இடத்து நிற நூல் ஒன்று கையில் ஏறும்.

வானத்தில் பயிருக்கு மூன்று, கடலுக்கு இரண்டு, 'இங்கேயே இரு' ஒன்று. பயிரிலிருந்து மாட்டுக்கும் மண்ணுக்கும் வானத்துக்கும் இரண்டிரண்டு. மாட்டிலிருந்து மூச்சு வழியாக வானம் நான்கு, சாணி வழியாக மண் இரண்டு. மண்ணில் வானம் ஐந்து, 'இரு' ஒன்று. கடலில் வானம் மூன்று, 'இரு' இரண்டு, சிப்பியாகிப் பாறைக்கு ஒன்று. பாறையிலும் டீசலிலும் ஆறுமே 'இரு'தான். தொடக்கத்தில் இந்த இரண்டிலும் மும்மூன்று பேரை நிறுத்துங்கள்.

அங்கே நிற்கும் பிள்ளைகள், "அக்கா, எங்களுக்கு எப்பத்தான் ஆட்டம்?" என்று நச்சரிப்பார்கள். பாவம் பார்த்துச் சீட்டை மாற்றிவிடாதீர்கள். கார்பன் அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது; அந்தச் சலிப்புதான் பாடம்.

பத்து விசிலுக்குப் பிறகு வானத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு மறு ஆட்டம் தொடங்குங்கள். டீசலில் 'இரு' மூன்றை எடுத்துவிட்டு, 'வாளையார் செக்போஸ்ட்டில் லாரி புகைந்தது, வானத்துக்கு ஓடு' என்று மூன்று போடுங்கள். பாறையில், 'சிமெண்ட் சூளையில் சுட்டார்கள், வானத்துக்கு ஓடு' ஒன்று. வாளையாரிலேயே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் செய்கிறார்கள் என்பதால் விளக்கவே வேண்டாம்.

மறுபடி எண்ணுங்கள். வானத்தில் கூட்டம் கூடியிருக்கும். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுக்குச் சுமார் 280 கார்பன் டை ஆக்சைடு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்று அப்போது சொன்னால் போதும். பிறகு நூல் நிறத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் தாம் போய்வந்த வழியைச் சொல்லட்டும்.