அணையைக் கடக்கும் சால்மன் குஞ்சுகளை ஒலியால் பின்தொடர்வது எப்படி

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஒவ்வோர் இளவேனிலிலும் சால்மன் குஞ்சுகள் பசிபிக் கடலை நோக்கி இறங்குகின்றன. வழியில் அணைக்கு மேல் அணை. கடலுக்கு முன் கடைசியாக நிற்பது பான்வில் அணை. குஞ்சு அதை மூன்று விதமாகக் கடக்கலாம்: டர்பைன் வழியாக, உபரிநீர் மதகு வழியாக, மீன்களுக்கென்றே அமைத்த தனிப்பாதை வழியாக. எந்த வழியில் எத்தனை பிழைத்தன என்று தெரிந்தால்தான் எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று பேச முடியும். இந்த வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீன். இந்த ஆற்றில் பயன்படும் ஜேசாட்ஸ் (JSATS) என்னும் ஒலிவழிக் கண்காணிப்பு முறையில், ஊசி வழியாக உடலுக்குள் செலுத்தும் டிரான்ஸ்மிட்டரின், அதாவது ஒலி எழுப்பும் சிறு கருவியின், நீளம் 15 மி.மீ., எடை ஏறக்குறைய 0.22 கிராம். அதன் எடை மீனின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மீனை நான் எடுப்பதில்லை. சுமையால் தடுமாறும் குஞ்சு அணையைப் பற்றி எதையும் சொல்லாது. மயக்க மருந்திலிருந்து முழுவதும் தெளிந்து, ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் வரை தொட்டியிலேயே வைத்திருங்கள். அவசரம் வேண்டாம், கையில் இருப்பது உயிர்.

டிரான்ஸ்மிட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை 416.7 கிலோஹெர்ட்ஸில் தன் அடையாளக் குறியை ஒலிக்கும். நம் காதுக்கும் எட்டாது, சால்மனின் காதுக்கும் எட்டாது. ரேடியோ அலை ஆழ நீரில் விரைவில் மங்கிவிடும், உப்பு நீரில் அறவே எடுபடாது, அதனால்தான் ஒலி.

அதைக் கேட்கும் ஹைட்ரோபோன்களை (நீருக்கடி ஒலிவாங்கிகளை) அணையின் மேற்புறச் சுவரில், அதாவது ஆறு வந்து சேரும் பக்கத்தில், மதகுகளுக்கும் டர்பைன் வாய்களுக்கும் இடையே உள்ள தூண்களில், மேலொன்று கீழொன்றாகப் பொருத்துங்கள். ஒரே ஒலி நான்கு ஹைட்ரோபோன்களை அடையும் நேர வித்தியாசத்திலிருந்து மீன் நின்ற இடத்தைக் கணக்கிடலாம். எல்லாம் ஒரே சுவரில் இருப்பதால் கணக்கு இரண்டு விடைகள் தரும்: ஒன்று சுவருக்கு முன்னால், மற்றொன்று பின்னால். கான்கிரீட்டுக்குள் மீன் நீந்தாது; இரண்டாவதைத் தள்ளிவிடலாம்.

நேரத்தில் கவனம் தேவை. 10 டிகிரி செல்சியஸ் நன்னீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,447 மீட்டர் செல்லும். 20 டிகிரியில் 1,482 மீட்டர். கடிகாரங்கள் ஒரு மில்லிவிநாடி பிசகினாலே ஒன்றரை மீட்டர் வரை தவறும். ஆகவே எல்லா ஹைட்ரோபோன்களையும் ஒரே கடிகாரத்தோடு இணையுங்கள், நீரின் வெப்பநிலையைத் தொடர்ந்து பதியுங்கள். மீன் கடைசியாகத் தெரிந்த இடம் எந்த வாய்க்கு முன்னால் என்பதே அது போன வழிக்குச் சான்று.

அணைக்குக் கீழே, நீர் கொட்டும் இடத்தில் கருவி வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே நுரைக்கும் காற்றுக்குமிழிகள் ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும். பல கிலோமீட்டர் கீழே, ஆறு அடங்கி ஓடும் இடத்தில் கரைக்குக் கரை ஒரு வரிசை. அதற்கும் கீழே இன்னொன்று. இரைச்சலே சில வேளை ஒரு மீனின் குறிபோலப் பதிவாகும். அதனால் ஒரே குறி, அதற்குரிய இடைவெளியில், குறைந்தது நான்கு முறை கேட்டால்தான் நான் ஏற்பேன்.

இனி, இந்த வேலையின் உயிர்நாடி. நம் கருவியில் கேட்காத மீனெல்லாம் இறந்த மீன் அல்ல. கருவிக்குத் தப்பியும் போயிருக்கலாம். இதைப் பிரித்தறியத்தான் இரண்டாவது வரிசை. கீழ்வரிசையில் கேட்ட 100 மீன்களில் 95 மேல்வரிசையிலும் கேட்டிருந்தால், மேல்வரிசையின் கேட்கும் திறன் 95 சதவீதம். 1,000 மீன்கள் அணையைக் கடந்து, மேல்வரிசையில் 855 கேட்டதாக வைத்துக்கொள்வோம். 855-ஐ 0.95-ஆல் வகுத்தால் 900. அதாவது 90 சதவீதம் பிழைத்து வந்தன. வகுக்காமல் விட்டால் உயிரோடிருக்கும் 45 குஞ்சுகளை நாமே கொன்ற கணக்காகிவிடும்.

அந்த 90 சதவீதத்திலும் அணையின் பங்கு தனி, ஆற்றின் பங்கு தனி. பறவைகளும் பெரிய மீன்களும் வழியில் தின்கின்றன. அதனால் அணைக்குக் கீழே இன்னொரு கூட்டத்தை விட்டு, அதன் பிழைப்பையும் அளந்து ஒப்பிட வேண்டும். இந்த ஆற்றின் அணைகளுக்கு 2008-இல் வைத்த இலக்கு, இளவேனிலில் இறங்கும் குஞ்சுகளுக்கு 96 சதவீதம், கோடையில் இறங்குபவற்றுக்கு 93 சதவீதம். அவ்வளவு நெருக்கமான எல்லையில் சிறு பிழையும் தீர்ப்பை மாற்றிவிடும்.

மறுபுறம், இறந்த மீனுக்குள்ளும் டிரான்ஸ்மிட்டர் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். டர்பைனில் அடிபட்டுச் செத்த குஞ்சு மிதந்துபோய் முதல் வரிசையைத் தாண்டினால் அது பிழைத்ததாகப் பதிவாகும். எனவே ஒவ்வொரு பருவத்திலும், இறந்த குஞ்சுகள் சிலவற்றுக்கு டிரான்ஸ்மிட்டர் பொருத்தி அணையிலிருந்து விட்டுப் பாருங்கள். அவற்றில் ஒன்றேனும் முதல் வரிசையில் கேட்டால், வரிசையை இன்னும் கீழே தள்ளி வையுங்கள்.