சொந்த விபிஎன்: கனெக்ட் ஆகிறது, ஆனால் நெட் வரவில்லையா?

லினக்ஸ் சர்வரில் சொந்தமாக விபிஎன் வைக்க வயர்கார்டு என்ற மென்பொருளே போதும். 2020-இல் வந்த 5.6 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) அது லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. நிறுவுவது ஐந்து நிமிட வேலைதான். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

முதலில் சர்வரில் 'டபிள்யூஜி ஷோ' (wg show) கட்டளையைக் கொடுத்து, கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்து இணைவது) எப்போது நடந்தது என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் ஃபயர்வாலில் யூடிபி போர்ட் (வழக்கமாக 51820) திறக்கவில்லை, அல்லது சாவி தப்பு. தப்பான சாவியோடு வருபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அதனால் இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது வரும் டேட்டாவை சர்வர் வெளியே கடத்திவிடும் வசதியை, இயக்க மறந்திருப்பீர்கள். கூடவே வெளியே போகும் இன்டர்ஃபேஸில் (நெட்வொர்க் இணைப்பில்) மாஸ்கரேட் விதியும் வேண்டும்; போனின் டேட்டாவை சர்வரின் முகவரியில் அனுப்புவது அதுதான். பல வழிகாட்டிகளில் அந்த இன்டர்ஃபேஸின் பெயர் ஈத்0 (eth0) என்றிருக்கும். உங்கள் சர்வரில் வேறாக இருக்கலாம். அப்படியே காப்பியடிக்காதீர்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறொன்றில். போனுக்கும் லேப்டாப்புக்கும் சர்வரில் ஒரே 10.0.0.2/32 முகவரியைக் கொடுத்துவிட்டேன். வயர்கார்டு பிழை எதுவும் காட்டாமல், இரண்டாவதாக எழுதியதற்கே அந்த முகவரியைத் தந்துவிடும். போனில் ஹேண்ட்ஷேக் சரியாக நடக்க, தளங்களின் டேட்டா ஒரு பைட்கூடத் திரும்பி வரவில்லை. ஒரு மாலை முழுக்கப் போனது!

சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்தால், போன் பக்கம் கீப்அலைவ் (PersistentKeepalive) 25 என்று வையுங்கள்; 25 நொடிக்கு ஒருமுறை சின்ன பாக்கெட் அனுப்பி இணைப்பை உயிரோடு வைக்கும்.