ஒரு செம்புத் தண்ணீரும் ஐந்து சீலங்களும்

ஞாயிறு பின்னேரத்தில் மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சமய பாட நேரம் வந்தால் சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று பிரிந்து போகிறவர்கள். இங்கே ஒரே பாய்தான்.

பௌத்த ஒழுக்கத்தைச் சொல்லித்தர ஒரு செம்பில் கொஞ்சம் தண்ணீர் போதும். மகன் ராகுலனுக்குப் பொய்யைப் பற்றிப் புத்தர் சொன்னது இப்படித்தான். மிச்சத் தண்ணீரைக் காட்டினார், ஊற்றினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், பிறகு வெறுமையைக் காட்டினார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவரின் நல்லொழுக்கமும் இப்படித்தான் என்றார். நீங்களும் பேசாமல் செய்யுங்கள். பிள்ளைகள் பேசட்டும்.

அடுத்தது கண்ணாடி. ஒரு காரியத்தைச் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் "இது எனக்கோ மற்றவருக்கோ நோகுமா?" என்று கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொன்னாரே புத்தர், அதற்கு. பக்கத்து வளவு மாங்காயை எடுத்த ஒருவனிடம், "எந்த இடத்தில் நின்று பார்த்திருக்கலாம் மனே?" என்று கேட்டேன். "மதிலில் ஏறக்குள்ள, ரீச்சர்" என்றான். அந்தப் பதிலுக்காக ஒரு மணித்தியாலம் காத்திருக்கலாம்.

பௌத்தரின் ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்கப் பயிற்சிகளை, "செய்யாதே" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். கொல்லாமல், களவெடுக்காமல், பொய் சொல்லாமல் இருக்கப் பழகுகிறேன் என்பதே அவற்றின் தொனி. தகாத உறவு பற்றிய சீலத்தைச் சின்னவர்களுக்கு "நம்பினவரை ஏமாற்றாமல்" என்று சொல்கிறேன். மது பற்றியதை அவர்களே விளங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் சைவப் பிள்ளை கொல்லாமையையும், கிறிஸ்தவப் பிள்ளை பத்துக் கட்டளைகளையும், முஸ்லிம் பிள்ளை ஒரு செயலுக்குப் பின்னாலுள்ள எண்ணமான நிய்யத்தையும் சொல்லட்டும். எல்லாம் ஒன்றுதான் என்று அவசரப்பட்டு முடிக்காதீர்கள். இறைவனின் கட்டளை வேறு, தானே எடுக்கும் பயிற்சி வேறு. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்குவார்கள்.