நாற்பது வாட் ஆம்பை நாலரை இஞ்ச் சுவருக்குள் அடக்க

மதுரையில் செல்லூர், ஆரப்பாளையம் பக்கத்து லைன் வீடுகளில் இரண்டு குடித்தனத்துக்கு நடுவே பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர்தான் நிற்கும். அங்கே 40 வாட் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. மாஸ்டர் குமிழ் 0-வில் ஊமை. ஒரு மயிரிழை திருப்பினால் பக்கத்து வீட்டம்மா வாசலில்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பல, வெறும் 1 வாட்டுக்கே 1 மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் அளவுக்குக் கத்தும். டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்த சத்தம், அதாவது 70 டெசிபல் போதுமென்றால், தேவைப்படுவது 2 மில்லிவாட். 40 வாட்டில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு! குமிழின் முதல் கால் சுற்றுக்குள் அதைத் தேடிப் பிடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்? 'இதை விற்றுவிட்டு 20 வாட் வாங்குங்க' என்பார்கள். கேட்காதீர்கள். வாட் பாதியானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானது போலக் காதுக்குப் படும்.

காசில்லாமல் முதலில்

ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வையுங்கள், கீழே நாலாக மடித்த போர்வை ஒன்று. ஸ்பீக்கரின் முகம் உங்கள் காதைப் பார்க்கட்டும். ட்ரெபிள் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். ஆம்ப் கணுக்காலுக்கு நேராக இருந்தால் அது உங்கள் காதுக்கு வராது, 'சரியாகக் கேட்கலையே' என்று நீங்கள் கூட்டிக்கொண்டே போவீர்கள். போர்வை, தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சுவரைத் தாண்டிப் போவதில் முக்கால்வாசி பேஸ்தான். அதனால் மூலையிலிருந்தும் ஆம்பை நகர்த்துங்கள், மூலை பேஸைப் பெருக்கும்.

இது போதாவிட்டால், சிக்னலைக் குறைக்கும் குமிழ் வைத்த ஒரு டப்பா செய்ய வேண்டும்.

எங்கே குறைப்பது?

கிட்டார் பக்கம் குறைத்தால் சத்தத்தோடு டிஸ்டார்ஷனும், அதாவது அந்தக் கரகரப்பும், போய்விடும். ஸ்பீக்கர் பக்கம் கை வைத்தால் ஆபத்து, அதைக் கடைசியில் சொல்கிறோம். நடுவில், தொனியை உருவாக்கும் ப்ரீஆம்ப் முடிந்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர்ஆம்ப் தொடங்கும் இடம்தான் சரி. ஆம்பின் பின்பக்கம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஜாக் இருந்தால் அந்த இடம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. எஃப்எக்ஸ் லூப் என்பது இதுதான்.

வாங்க வேண்டியவை

100 கே (கிலோஓம்) வால்யூம் கண்ட்ரோல் ஒன்று, லாக் டைப், அதாவது தொடக்கத்தில் மெதுவாக ஏறும் வகை. மோனோ 6.35 மில்லிமீட்டர் ஜாக் சாக்கெட் இரண்டு, குமிழ் ஒன்று, கையளவு உலோக டப்பா, அரை மீட்டர் ஒயர், மீட்டர் நீளத்தில் ஷீல்டு கேபிள் இரண்டு. டவுன் ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கவனம் வேண்டியது கண்ட்ரோலில். 'ஏ100கே' என்றிருந்தால் பொதுவாக லாக், 'பி100கே' லீனியர், அதாவது சீராக ஏறும் வகை. எழுத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரைக் கொண்டுபோங்கள். தண்டு உங்களைப் பார்க்க, மூன்று கால்களும் கீழே இருக்கப் பிடித்தால் இடது கால் 1, நடு 2, வலது 3. தண்டைச் சரியாக நடுவில் நிறுத்தி 1-க்கும் 2-க்கும் இடையே அளந்து பாருங்கள். 10 முதல் 15 கே காட்டினால் லாக். 50 கே காட்டினால் லீனியர், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைப் போட்டால் பழைய வியாதியே புது டப்பாவில் வரும்.

500 கே மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். பெரிய ரெசிஸ்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ட்ரெபிளைத் தின்றுவிடும், கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம், 'ம்ம்ம்' என்று ஹம் பிடிக்கும். பெப்பர்மிண்ட் வரும் தகர டப்பா கூடப் போதும்.

செய்முறை

1. டப்பாவில் மூன்று துளை. ஜாக்குக்கு 10 மில்லிமீட்டர் ட்ரில், கண்ட்ரோலுக்கு அதன் கழுத்தை அளந்து போடுங்கள்.

2. மூன்றையும் நட்டு போட்டு இறுக்குங்கள். இப்போது டப்பாவின் உள்பக்கம், அதாவது கண்ட்ரோலின் முதுகு தெரிகிறது. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: பின்னாலிருந்து பார்க்கையில் கால்கள் இடம் மாறிவிடும், 1 வலது பக்கம் வந்துவிடும். மார்க்கர் பேனாவால் எண்ணைக் குறித்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.

3. டிப் என்பது பிளக்கின் நுனி தொடும் கால், ஸ்லீவ் என்பது அதன் உடல் தொடும் கால். 'உள்ளே' ஜாக்கின் டிப் 3-ஆம் காலுக்கு. 'வெளியே' ஜாக்கின் டிப் 2-ஆம் காலுக்கு. 1-ஆம் காலும் இரண்டு ஜாக்கின் ஸ்லீவும் ஒன்றாகச் சேரட்டும், அதுதான் கிரவுண்டு.

4. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஒயர் நுனியில் முதலில் ஈயம் பூசி, காலின் துளையில் கோத்து, இரண்டு மூன்று வினாடி சூடு காட்டி ஈயத்தை ஓடவிடுங்கள். ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெடும், பிறகு திருப்பும்போதெல்லாம் 'கர்கர்'.

5. மூடும் முன் மீட்டர் வையுங்கள். 'உள்ளே' ஜாக்கின் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் இடையே எப்படித் திருப்பினாலும் 100 கே அருகிலேயே நிற்க வேண்டும். 'வெளியே' ஜாக்கில் 0-விலிருந்து 100 கே வரை ஏற வேண்டும். இறங்கினால் 1-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

மாட்டுவது

ஆம்பை அணைத்துவிட்டு, சென்டிலிருந்து 'உள்ளே', 'வெளியே'யிலிருந்து ரிட்டர்ன். டப்பா 0, மாஸ்டர் 4, கெயின் உங்கள் இஷ்டம். ஆம்பைப் போட்டு டப்பாவை மெல்லத் திருப்புங்கள். பாதிச் சுற்றில் சுமார் 20 டெசிபல் குறைந்திருக்கும், வீட்டுக்கு அதற்கும் கீழேதான் நிற்பீர்கள். குடியிருப்புப் பகுதியின் சுற்றுப்புறச் சத்தத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சத்தம் குறையும்போது காது பேஸையும் ட்ரெபிளையும் முதலில் கைவிடும், ஆகவே அவை இரண்டையும் சற்றே ஏற்றலாம். பேஸில் கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும்.

டப்பாவை 0-வுக்கு இறக்கியும் சத்தம் நிற்கவில்லையா? உங்கள் லூப் பேரலல் வகை, சிக்னலின் ஒரு பங்கு டப்பாவுக்கு வராமல் நேராகப் போய்விடுகிறது. மிக்ஸ் குமிழ் இருந்தால் முழுக்கத் திருப்புங்கள், இல்லையென்றால் இந்த வழி ஆகாது. டப்பாவைக் கழற்றிய பிறகு ஆம்ப் விட்டுவிட்டுப் பாடினால் ரிட்டர்ன் ஜாக்கில் தூசி. பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும், அடங்காவிட்டால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே.

குறைந்த சத்தத்தில் இன்னொன்றும் காதில் விழத் தொடங்கும்: 'ஜ்ர்ர்' என்ற இரைச்சல். பழைய, படியில்லாமல் சுழலும் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் அதுதான் குற்றவாளி. மே மாத மதுரையில் ஃபேனை நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம், படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டராக மாற்றிவிடுங்கள். இரைச்சலுக்குப் பயந்து மூன்று பின் பிளக்கின் எர்த்தைப் பிடுங்கவே கூடாது.

லூப் இல்லாத சின்ன ஆம்ப் என்றால் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை முன்னால் வைத்து, பெடலின் லெவலை இறக்குங்கள். க்ளீனாக, அதாவது டிஸ்டார்ஷன் இல்லாமல், மட்டும் வாசிப்பவருக்குக் கிட்டார் வால்யூமே போதும். இறக்கும்போது ட்ரெபிள் மங்கினால், கிட்டாருக்குள் வால்யூம் கண்ட்ரோலின் 2, 3 கால்களுக்குக் குறுக்கே 1 நானோஃபேரட் கெப்பாசிட்டரும் 150 கே ரெசிஸ்டரும் பக்கம் பக்கமாக வைத்துச் சால்டர் செய்யலாம்.

ஸ்பீக்கர் ஒயரில் மட்டும் இந்த டப்பாவைப் போடாதீர்கள். அரை வாட் கூடத் தாங்காத கண்ட்ரோல் அது, புகைந்துவிடும். வால்வ் ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கர் லோடு அறுந்து அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கூடவே போகும், அதன் விலையில் பாதி ஆம்ப் வாங்கலாம். அந்த இடத்தில் குறைக்கத்தான் வேண்டுமென்றால், ஆம்பின் ஓம் அளவுக்குப் பொருந்துகிற, அதன் வாட்டைப் போல இரண்டு மடங்காவது தாங்குகிற அட்டென்யுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பவரைக் குறைக்கும் கருவி) வாங்கிப் போடுங்கள்.