வாஷிங் மெஷின் வாங்கப்போகிறீர்களா? முதலில் வீட்டுக் குழாயைப் பாருங்கள்

கடையில் எல்லா மெஷினும் அழகாகத்தான் இருக்கும். விற்பனையாளர் பொத்தானை அழுத்தி விளக்குகளை எரியவிட்டுக் காட்டுவார். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது, தொட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆகவே முதல் மூன்று படிகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். விலை விசாரணை பிறகு.

படி 1: தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதிக்கும் மெஷினுக்கான குழாய்க்கும் இடையே உள்ள உயரத்தைக் கணக்கிடுங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். தரைத்தளத்துக்காரருக்குக் கவலையில்லை. கடைசி மாடியில் குடியிருப்பவருக்குத்தான் சங்கடம். தொட்டி தலைக்கு மேலேயே இருந்தாலும் உயரம் 3 மீட்டர்தான் என்றால் அழுத்தம் 0.3 பார். முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் ஃபிரன்ட் லோடு மெஷின்களில் சில இதைவிட அதிகம் கேட்கும். கிடைக்காவிட்டால் தண்ணீர் நிரம்பாமல் பாதியில் நின்றுவிடும். குறைந்தபட்ச நீரழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பது மாடலின் கையேட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அழுத்தம் போதாதென்றால் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 2: தண்ணீரில் உப்பு இருக்கிறதா?

ஷவர் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைக் கோடு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு: இவை இருந்தால் அது கடினநீர். போர்வெல் தண்ணீரில் இது சகஜம். இந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டரின்மேல் ஓடுபோல் படியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஹீட்டர் இல்லாத டாப் லோடு (மேல்மூடியைத் திறந்து துணி போடும் வகை) போதும் என்பது என் கருத்து. ஃபிரன்ட் லோடுதான் வேண்டுமென்றால் சுண்ணாம்பு நீக்கும் பவுடரை அவ்வப்போது போட்டு வெறும் மெஷினை ஓட்ட வேண்டியிருக்கும்.

படி 3: பிளக்கும் வடிகாலும்

ஃபிரன்ட் லோடு மெஷினின் ஹீட்டர் 2000 வாட் அளவில் இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. கழிவுநீர்க் குழாய் எங்கே போகும் என்று பாருங்கள். குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

படி 4: வகையை முடிவு செய்யுங்கள்

லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு துவைக்கவும் பிழியவும் தனித்தனித் தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்தான் கைகொடுக்கும். பக்கெட்டில் மொண்டு ஊற்றலாம். ஒரே சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணியை முதலிலும் கால்மிதியைக் கடைசியிலும் துவைத்துக்கொள்ளலாம். துணியை ஈரத்தோடு எடுத்துப் பிழியும் தொட்டிக்கு மாற்றும் வேலை மட்டும் உங்களுடையது. குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் வீட்டில், முதுகுவலி உள்ளவர் குனியாமல் துணி போட டாப் லோடு வசதி. தண்ணீரை மிச்சப்படுத்துவதிலும் கறை போக்குவதிலும் ஃபிரன்ட் லோடு முந்தும், ஆனால் ஒரு தடவை ஓடி முடிக்க அதிக நேரம் எடுக்கும். நுரை குறைவான பவுடரும் அதற்கு வேண்டும்.

படி 5: எத்தனை கிலோ?

மெஷினில் எழுதியிருக்கும் கிலோ, உலர்ந்த துணியின் எடை. ஒரு தடவைக்கான அழுக்குத் துணியைப் பையில் கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். உங்கள் எடையைக் கழித்தால் விடை கிடைத்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் 7 கிலோ போதும். ஜமுக்காளமும் கம்பளியும் துவைப்பவர்கள் 8 கிலோ பார்க்கலாம். முழு எடை பருத்தித் துணிக்கான புரோகிராமுக்கு மட்டுமே பொருந்தும். மற்றவற்றில் அளவு குறையும்.

படி 6: பில் போடும் முன்

மோட்டாருக்குப் 10 ஆண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். மின்னணு போர்டுக்கு எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். பழுதானால் கையைக் கடிக்கும் செலவு அதில்தான். உங்கள் ஊரில் சர்வீஸ் மையம் இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள்.

ஃபிரன்ட் லோடு வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் உள்ள நீண்ட போல்ட்டுகளைப் பாருங்கள். பயணத்தில் டிரம் ஆடாமலிருக்க அவற்றை முடுக்கி அனுப்புவார்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அதிர்ந்து சேதமாகும். பொருத்த வருபவர் கழற்றிய பிறகு அவற்றை வாங்கி பில்லோடு பத்திரப்படுத்துங்கள்; வீடு மாறும்போது மறுபடி முடுக்க வேண்டும்.