வாங்கிக் கொடுக்காத கைத்தொலைபேசி பிள்ளையிடம் இருந்தால்

மாலை டியூசன் முடிந்து திருகோணமலையின் உவர்மலைக்கோ பாலையூற்றுக்கோ திரும்பும் பிள்ளையிடம் நீங்கள் வாங்கிக் கொடுக்காத கைத்தொலைபேசியோ விலையுயர்ந்த சப்பாத்தோ இருந்தால், கை ஓங்குவதற்கு முன் அதைக் கொடுத்தவர் யாரென்று அமைதியாகக் கேளுங்கள். போதைப்பொருள் கும்பல்கள் முதலில் அன்பளிப்புக் கொடுத்து, பிறகு "இந்தப் பார்சலை அந்த அண்ணாவிட்ட குடுத்திட்டு வா" என்று சிறு வேலை சொல்லி, ஒருநாள் தம் ஆளை வைத்தே அந்தப் பார்சலைப் பறித்து, அதன் பெறுமதியைப் பிள்ளையின் தலையில் கடனாகக் கட்டிவிடுவதுண்டு. நகையை அடகு வைத்து அதை அடைத்தாலும் பிடி தளராது. அடுத்த கடன் தயாராக இருக்கும். பிள்ளையின் வங்கிக் கணக்கை இரவல் கேட்பதும் இந்த வகைதான்.

பார்சல் வீட்டில் இருந்தால் நீங்களே திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் 5 கிராம் ஐஸ் போதைப்பொருள் வைத்திருப்பதே மிகக் கடுமையான குற்றம் என்பதால், முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளை போதைப்பொருள் பாவிக்கவும் தொடங்கியிருந்தால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழையுங்கள்.