போர்டு மாட்டும் முன்: தனியாக கவுன்சலிங் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்து, சில வருடம் ஏதாவது பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்துவிட்டு, "இனி தனியாகப் பார்க்கலாம்" என்று இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஆள் வருவார்களா என்பதுதான். மெதுவாக வருவார்கள், ஆனால் வருவார்கள். சிக்கல் பெரும்பாலும் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. காசு, நேரம், யாரிடம் எதைச் சொல்வோம் எதைச் சொல்ல மாட்டோம் என்பதையெல்லாம் முதல் நாளே வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிறோம், அதுதான் காரணம்.

அதற்கும் முன்னால் போர்டு. "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போட்டுக்கொள்ள எம்.எஸ்சி. போதாது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலுக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பதிவில்லாமல் தொழில் செய்வதற்கு ஒரு வருடம் வரை சிறை என்கிறது. மற்றவர்கள் மனநல ஆலோசகர் என்று, உள்ளதை உள்ளபடி போடுங்கள். 2021-இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மற்ற சைக்காலஜிஸ்ட்களும் இருக்கிறார்கள், அதனால் மாநில கவுன்சில் பதிவு பற்றிய அறிவிப்புகளில் ஒரு கண் இருக்கட்டும். அப்புறம் இந்த "டாக்டர்" விஷயம். வருகிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கேட்க நன்றாகவும் இருக்கும். "நான் டாக்டர் இல்லீங்க, மாத்திரை எழுத மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலாவது வாரம் தூக்க மாத்திரை கேட்டு நிற்பார்கள்.

வாடகையை மிச்சம் பிடிக்க வீட்டு முன்னறையிலேயே தொடங்குகிறவர்கள் உண்டு. ஒருவர் கண் கலங்கி, சொல்லவந்ததைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் உள்ளே குக்கர் விசில் அடிக்கும், மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டு வருவார். நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடிய ஆளுக்கும் உங்கள் வீடு தெரிந்துவிடும். அதைவிட, தெரிந்த டாக்டரின் கிளினிக்கில் மத்தியான நேரத்தை வாடகைக்குக் கேளுங்கள். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை பல கிளினிக்குகள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஆனால் பேசி முடிப்பதற்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள்: உள்ளே ஒருவரைச் சாதாரணக் குரலில் பேசவிட்டு, நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். பிளைவுட் தடுப்பு என்றால் வார்த்தைக்கு வார்த்தை கேட்கும்.

இப்போது முக்கியமான இடம், குடும்பம். நம் ஊரில் தனியாக வருகிறவர்களைவிட, அழைத்து வரப்படுகிறவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. காலேஜ் பையனை அம்மா கூட்டி வருவார், ஃபீஸ் அப்பா ஜிபேயில் போடுவார், ஊரிலிருந்து மாமா ஃபோன் செய்வார். முதல் செஷன் முடிந்த அன்று இரவே அம்மாவிடமிருந்து அழைப்பு: "என்ன மேடம் சொன்னான்? நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க." இந்த இடத்தில் புதியவர்கள், பாவம் அம்மாதானே என்று கொஞ்சமாக எதையாவது சொல்லிவிடுவார்கள். அது மறுநாள் காலை இட்லித் தட்டுக்கு முன்னால் பையனிடம் போய்ச் சேரும், அதோடு அவன் வரமாட்டான். எனவே முதல் பத்து நிமிடம் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஆலோசனைக்கு வந்தவர் முன்னாலேயே சொல்லுங்கள்: பணம் யார் கொடுத்தாலும், இவர் பேசுவதை இவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்று பட்டால் சொல்வேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்றே வைத்து, உயிராபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இன்னொன்றும் உண்டு. பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. இதை அந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசிய பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஃபீஸ். "சும்மா பேசுறதுக்கு ஆயிரம் ரூபாயா?" என்று ஃபோனிலேயே கேட்பார்கள். அதற்குப் பயந்து முந்நூறில் தொடங்குகிறவர்கள் கணக்கே போடுவதில்லை. வாரம் 15 செஷன் குறித்து வைத்தால் சில நழுவும், 10 என்று வையுங்கள். மாதம் 40, அதாவது 12,000 ரூபாய். அதில் அறை வாடகை 8,000 போனால் மிச்சம் என்ன? குறைக்கத்தான் வேண்டுமென்றால், வாரத்தில் இரண்டு செஷன்களை ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்றவர்களிடம் நியாயமான தொகையைத் தயங்காமல் சொல்லுங்கள். முந்தின நாளுக்குள் சொல்லாமல் வராவிட்டால் பணம் உண்டா இல்லையா என்பதையும் எழுதிக் கொடுங்கள். பத்து செஷன் பேக்கேஜ், தள்ளுபடி இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. நாலாவதிலேயே போதும் என்று நினைப்பவர், கட்டிய பணத்துக்காக வந்து உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர்களை இலவசமாகவும் பார்க்காதீர்கள், காசு வாங்கியும் பார்க்காதீர்கள். வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டியவர்கள் நீங்கள்.

வேலைக்குத் தனி சிம் வாங்குங்கள், சொந்த எண்ணைக் கொடுத்தால் ராத்திரி பதினொன்றரைக்கு ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ் வரும். அந்த வாட்ஸ்அப்பில் தானியங்கிப் பதிலாக, எத்தனை மணிக்குள் பதில் வரும் என்பதோடு, அவசரத்துக்கு அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸின் 14416 என்ற எண்ணையும் போட்டு வையுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். கூகுளில் யாராவது நல்ல ரிவ்யூ எழுதினால், "உங்களுடன் பயணித்ததில் மகிழ்ச்சி" என்று பதில் போடாதீர்கள், அவர் உங்களிடம் வந்தவர் என்பதை நீங்களே ஊருக்கு உறுதிசெய்கிறீர்கள். பெயரை மாற்றி ரீல்ஸில் கதை சொல்வதும் வேண்டாம். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, மனநல மருத்துவர்களோடு பழக்கமே இல்லாமல் தொடங்குவது. காதில் குரல் கேட்கிறது என்பவரையும், நாலு நாள் தூங்காமல் உற்சாகமாக இருப்பவரையும், சாவதற்கு நாள் குறித்து வைத்திருப்பவரையும் உங்கள் ஐம்பது நிமிடப் பேச்சுக்குள் அடைத்து வைக்கக் கூடாது. மாதக்கணக்கில் சோர்வு என்று வருகிறவருக்குத் தைராய்டு கூட இருக்கலாம். மருந்து எடுப்பவரிடம் "அதெல்லாம் வேண்டாம், நிறுத்திடுங்க" என்று சொல்லவே கூடாது. தொடங்கும் முன்பே இரண்டு மூன்று மருத்துவர்களை நேரில் போய்ப் பாருங்கள், பணமில்லாதவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்தக் கிழமை, எந்த அறையில் என்று விசாரித்து மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சூப்பர்விஷனுக்கு, அதாவது நீங்கள் வேலை செய்யும் விதத்தைக் கேட்டு வழிகாட்ட, ஒரு சீனியரைப் பிடித்து, அவருக்குக் கொடுக்கும் தொகையையும் வாடகை மாதிரி மாதச் செலவில் சேர்த்துவிடுங்கள்.